சம்மதமாகிப்போன வினாக்கா

நாற்பத்தோராம் பக்கத்தை வரனிசேசே அக்கா என் கல்லாமேசை மேல் விரித்துவைத்தபோது, கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன்.

“கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன், சாமி. எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீ படி.”

கண்ணாடி அவர் தலைமுடியிலேயே செருகியிருந்தது. கடைக்கு வருகிறவர் பொய் சொன்னால் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும், முகத்தில் காட்டக் கூடாது என்பது எங்கள் கடைத்தெருவின் பால பாடம்.

அது ஆற்றில் சரளை அள்ளும் திட்டத்தின் அறிக்கை. நாட்டுக்கு எவ்வளவு வளர்ச்சி, ஆற்றுக்கு எவ்வளவு கெடுதல், இரண்டையும் எப்படி ஒரு தராசில் நிறுத்துவது என்று இருநூறு பக்கம். ‘சமநிலை’ என்ற சொல் முதல் பக்கத்திலேயே ஆறு முறை வந்தது. எடை சரியாக இருக்கும் கடைக்காரன் எடை சரி என்று ஆறு முறை சொல்லமாட்டான். ஆனால் அந்த அறிக்கையைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது அடுத்த நிமிடம் தெரியவந்தது.

சத்தமாகவே படித்தேன்.

“பிரிவு ஆறு. மக்கள் கருத்து. நாசவுகுரா கிராமம். திட்டம் மிகவும் நல்லது என்று தலைவரின் பேச்சாளர் அறிவித்தார். அவையினர் மூன்று முறை ஒருமனதாகக் கைதட்டி அதை உறுதிசெய்தனர். எதிர்ப்பு: இல்லை.”

படித்து முடித்த பிறகும் என் வாய் மூடவில்லை. காதில் ஏதோ வண்டு புகுந்தமாதிரி ஒரு இரைச்சல். ‘மிகவும் நல்லது’ என்று அந்தப் பேச்சாளர் சொல்லவில்லை. சொன்னவன் நான்.

“திரும்பப் படி” என்றார் அக்கா.

“போதும்க்கா.”

“எனக்குப் போதாது. படி.”

நடந்தது இதுதான்.

நான்கு மாதம் முன்பு விக்கரி என்று ஒருவர் கடைக்கு வந்தார். பிரிஸ்பேன் ஆள். சரளைக் கம்பெனிக்காக அறிக்கை எழுதுகிறவர். வியாபாரத்தில் ஊறிய என் காதில் அந்தப் பெயர் ‘விக்கிறாரு’ என்றே விழுந்தது. மோசமான மனிதர் இல்லை. கிராமத்துக்குள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று தெரிந்து, சபையில் காணிக்கையாக வைத்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் கேட்டார். நல்ல வேராக அரைக் கிலோ கட்டிக் கொடுத்தேன். விலை பேசாமல் வாங்கினார். அப்போதே மனசு லேசாகச் சங்கடப்பட்டது. பேரம் பேசாத மனிதனிடம் ஏதோ ஒரு குறை இருக்கும்.

அவருடைய மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலோடு தலைநகர் சுவாவிலேயே தங்கிவிட்டாராம்.

“உங்களுக்கு ஃபிஜி பாஷை வருமா?”

“முப்பத்தொரு வருஷமா அதுலதான் யாவாரம் பண்றேன்.”

அது உண்மை, முழு உண்மை இல்லை. என் ஃபிஜி மொழி கல்லாவிலிருந்து வாசல்வரை நன்றாக நடக்கும். வாசல் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும். அதை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், ஆற்றங்கரையில் முப்பத்திரண்டு பேருக்கு முகாம் போடப் போகிறார்கள் என்று அவரே சொன்னார். முகாம் என்றால் அரிசி, மீன் டின், மாவு. எந்திரம் என்றால் டீசல். இரண்டுக்கும் பத்து மைல் சுற்றுவட்டாரத்தில் என் கடை ஒன்றுதான். இதைக் கேட்ட பிறகு, எனக்கு மொழி போதாது என்று சொல்ல நான் என்ன துறவியா.

நாசவுகுராவின் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். யங்கோனாவை வைத்தோம், வாங்கிக்கொண்டார்கள், கரைத்துக் குடித்தோம். பிறகு விக்கரி ஒரு மணி நேரம் வரைபடம் காட்டினார். சாலைக்கும் ஓட்டல்களுக்கும் சரளை வேண்டும். நாடு வளர வேண்டும். ஆற்று வளைவில் தோண்டுவார்கள். அங்கே மட்டிச் சிப்பி இருப்பது தெரியும். அதை அள்ளி மேலாற்றுப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். வளர்ச்சியும் போகாது, மட்டியும் போகாது.

நான் அதைக் கடைமொழியில் சொன்னேன். மட்டியை இடம் மாற்றும் கட்டம் வந்தபோது பின்வரிசைப் பெண்கள் துணி கிழிகிறமாதிரி சிரித்தார்கள். அந்த வளைவில் மூழ்கி மட்டி எடுப்பவர்கள் அவர்கள்தான், பன்னிரண்டு பேர். வரனிசேசே அக்காதான் அவர்களுக்கு முன்னால் தண்ணீரில் இறங்குகிறவர். சனிக்கிழமை சந்தையில் விற்கும் அந்த மட்டிதான் அந்தப் பன்னிரண்டு வீட்டின் பள்ளிக்கூடச் சம்பளம், விளக்கு, சர்க்கரை எல்லாம்.

“மட்டிக்கு பஸ் டிக்கெட் யாரு எடுக்கறது?” என்று கேட்டார் அக்கா. இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கடைசியில் விக்கரி கேட்டார்: “திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?”

கூடம் அடங்கியது. தலைவருக்குப் பதிலாகப் பேசுவது தனியேலா என்பவரின் குடும்பப் பொறுப்பு. அவர் தரையைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார். பள்ளிக்கூட இங்கிலீஷ் அந்த ஊரில் எல்லாருக்கும் உண்டு. ஆனால் யங்கோனா வைத்த சபையில் தலைவரின் சொல் அவர்கள் மொழியில்தான் வரும், அதுவும் சபைக்கென்றே இருக்கும் உயர்ந்த மொழியில். பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடத்தில் அரிசி, மாவு, கடன், நாளைக்கு வா என்ற எதுவும் வரவில்லை. ஆகவே எனக்கு எதுவும் புரியவில்லை. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் என் பெயர்மாதிரி ஏதோ ஒன்று காதில் பட்டது. கடைசியில் மட்டும் எனக்குத் தெரிந்த சொல் வந்தது. வினாக்கா. மூன்று முறை வினாக்கா. பிறகு எல்லாரும் உள்ளங்கையைக் குழித்து ஆழமாகக் கைதட்டினார்கள். மூன்று தட்டு.

“என்ன சொல்கிறார்?” என்று விக்கரி என் பக்கம் திரும்பினார்.

தமிழில் எழுதினால் பாதி கேள்வியாகத் தெரிகிற இந்தச் சொல்லுக்கு அந்த மொழியில் இரண்டு பொருள். நல்லது என்றும் பொருள், நன்றி என்றும் பொருள். நம் ஆட்கள் பேச்சை முடிக்கும்போது ‘நல்லதுங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்களே, அது சம்மதமா? ஒரு தமிழனுக்குத் தெரியாதா அது? தெரியும். அன்றைக்கு மட்டும் எனக்குத் தெரியவில்லை. டீசல் கண்ணை மறைத்தது.

“ரொம்ப நல்லதுங்கறாங்க, சார்” என்று இங்கிலீஷில் சொன்னேன். “வெரி குட்.”

அவர் எழுதிக்கொண்டார். எல்லாரும் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த மட்டி சாப்பிட்டோம். நான் இரண்டு கிண்ணம்.

இப்போது கல்லாமேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த அக்காவிடம் இதையெல்லாம் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கணக்கு நேராகும்.

“நீ வெரி குட்னு சொன்னது எங்களுக்குக் கேட்டுச்சே” என்றார் அக்கா.

“கேட்டுச்சா?”

“காது இருக்குல்ல.”

“அப்ப ஏன்க்கா அங்கயே மறுக்கல?”

அவர் என்னை ஒரு சின்னப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “விருந்தாளி முன்னாடி, எங்க பாய்ல உக்காந்திருக்கறவன, நீ சொன்னது தப்புன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அதோட, நாங்க வேற மாதிரி நெனச்சோம். நீ யாவாரி. எதிராளிகிட்ட மொதல்ல இனிப்பா பேசிட்டு அப்புறம் விலை பேசுவன்னு நெனச்சோம். எங்களுக்காகத்தான் ஏதோ பண்றேன்னு.”

நாங்கள் வாங்கும்போது சரக்கை நல்லது என்று சொல்லவே மாட்டோம், விற்கும்போதுதான் சொல்வோம். அந்த ஆற்றை நான் விற்றிருக்கிறேன். என் பொருள்கூட இல்லை அது.

“வியாழக்கெழம விசாரணை” என்றார் அக்கா. “அதிகாரி வர்றாங்க. அன்னிக்கு யாரும் எதுவும் சொல்லலைன்னா வெள்ளிக்கெழம கையெழுத்து. திங்கக்கெழம எந்திரம் வளைவுல எறங்கும்.”

“நீங்க போய்ச் சொல்லுங்கக்கா.”

“என்னன்னு? சாமி பொய் சொன்னான்னா?” அறிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். “எங்களால சொல்ல முடியாது. அதனாலதான் உங்கிட்டப் படிக்கச் சொன்னேன்.”

தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை ஊர் மன்றக் கூடத்தில் நாற்காலிகள் போதவில்லை. அதிகாரி திருமதி தமானி. ஃபிஜிப் பெண்மணி, குரல் உயர்த்தாமல் அதட்டுகிறவர். அவர் பக்கத்தில் விக்கரி. எதிரே நாசவுகுராக்காரர்கள், தனியேலா முன்வரிசையில், பன்னிரண்டு பெண்களும் ஒரே வரிசையில். என் சட்டைப்பையில் கம்பெனியின் கடிதம்: முகாமுக்கு மூன்று வருடம் பொருள் வழங்க உம்மையே கருதுகிறோம் என்று. அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். என்னவோ, எடுத்து வந்துவிட்டேன்.

திருமதி தமானி நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தார். “இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து?”

ஒருவரும் அசையவில்லை. அக்கா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன்.

“அம்மா, ‘மிகவும் நல்லது’ன்னு இவங்க சொல்லல. நான் சொன்னேன். இவங்க சொன்னது வினாக்கா. எனக்கு மீதிப் பேச்சு புரியல. புரியாததச் சொல்லாம விட்டுட்டேன்.”

விக்கரியின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்தது. அது நடிப்பில்லை. அந்த மனிதருக்கும் அப்போதுதான் தெரிகிறது.

“மிஸ்டர் தொரசாமி” என்றார் அவர், மெதுவாக. “முப்பத்தொரு வருடம் என்று என்னிடம் சொன்னீர்களே. முப்பத்தொரு வருடத்தில் வினாக்கா என்றால் என்னவென்று தெரியாதா?”

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தெரியும் சார். ரெண்டு அர்த்தமும் தெரியும். எது எனக்கு லாபமோ அத எடுத்தேன்.”

திருமதி தமானி தனியேலாவிடம் திரும்பினார். “ஐயா, இவர் தவறாகச் சொன்னார் என்கிறார். சரிதானா?”

அவ்வளவுதான், முடிந்தது என்று உட்காரப் போனேன். தனியேலா எழுந்தார். நிதானமாக என்னைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

“சாமி அன்றைக்குச் சொன்னது சரி.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கிழவர், நாலு பேர் முன்னால் நான் தலைகுனிவதைப் பார்க்கச் சகிக்காமல், ஆற்றைக் கொடுத்துவிட்டார். ஒரே சொல்லில். பன்னிரண்டு பெண்களில் ஒருத்தியும் அதற்கு எதிராக வாய் திறக்கவில்லை. அவர் தலைவரின் வாய். அதோடு அவர் செய்ததுதான் மரியாதை என்று அவர்களும் நினைத்திருக்க வேண்டும். நூறு பேரத்தில் நின்றிருக்கிறேன். எதிராளியின் மானத்துக்காகத் தன் சரக்கை விட்டுக்கொடுத்தவனை நான் பார்த்ததே இல்லை.

“இல்லம்மா, இல்ல” என்றேன். “அவர் எனக்காகச் சொல்றார்.”

“ஒருவர் சரி என்கிறார், ஒருவர் தவறு என்கிறார்” என்றார் திருமதி தமானி. பேனா மூடியைத் திருகினார். எதையும் எழுதவில்லை. கண் மட்டும் வரிசை வரிசையாகப் போனது, யாரையோ தேடுகிறமாதிரி.

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். எபராமா. அவன் நாசவுகுராவின் ஊர் நிர்வாகி, எனக்கு மச்சான். ரத்தத்தில் இல்லை, பழக்கத்தில். இந்த ஊரில் மச்சான் முறைக்காரன் நடுச்சபையில் என்ன கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் கோபித்தவனுக்குத்தான் அவமானம். நம்மூரிலும் அப்படித்தான், ஆனால் இங்கே அது சட்டத்துக்குச் சமம்.

“அம்மா, இவன் என் மச்சான்” என்றபடி எழுந்தான். “அதனால நான் சொல்லலாம். இவனோட ஃபிஜி பாஷை இருக்கே, அதக் கேட்டா எங்க ஊரு பன்னிங்க வேலியத் தாண்டி ஓடிடும்.”

கூடம் குலுங்கியது. தனியேலாகூடச் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

“எங்க தாத்தா செத்தப்ப துக்கம் கேக்க வந்தான். எல்லாரும் அழறோம். இவன் கையப் புடிச்சிட்டு என்ன சொன்னான் தெரியுமா? ‘நல்ல சரக்கு, சீக்கிரம் போயிடுச்சு.’”

நான் அப்படித்தான் சொன்னேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

“எங்க தங்கச்சி கல்யாணத்துல பொண்ண வாழ்த்துடான்னு நிறுத்தினோம். ‘வாங்கினா மாத்தித் தர மாட்டோம்’னான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் முழிச்சிட்டிருக்காங்க.” சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். அப்புறம் அதே கேலிக் குரலில், முகமும் மாறாமல், “இவன நம்பி எங்க பெரியவரோட சபைப் பேச்ச நாப்பத்தோராம் பக்கத்துல போட்டிருக்கீங்க. மச்சான், நீ மட்டும் எங்க ஊரு பைபிள மொழிபெயர்த்திருந்தா ஏசு தவணை முறைல உயிர்த்தெழுந்திருப்பாரு.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பினாலா என்று எனக்குத் தெரியாது. ஒருவரையும் பொய்யன் என்று சொல்லாமல் உண்மை சபைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

திருமதி தமானி சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

“தனியேலா ஐயா, யார் சரி, யார் தவறு என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு நீங்கள் பேசியது நினைவிருக்கிறதா? அதை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.”

பேச்சாளரின் தொழிலே சொன்ன சொல்லை வைத்திருப்பதுதான். கிழவரின் முதுகு நிமிர்ந்தது. இப்போது அவர் யாரையும் மறுக்கவில்லை. தம் பொருளைத்தான் எடுத்துக் காட்டுகிறார். அந்த உயர்ந்த மொழியில் அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, திருமதி தமானி ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லி எழுதினார். நான்கு மாதம் தாமதமாக, நான் மொழிபெயர்த்த பேச்சை முதல்முறையாகக் கேட்டேன்.

“தூரத்திலிருந்து வந்தவருக்கு வணக்கம். நீங்கள் காட்டிய சாலையும் வேலையும் எங்களுக்கும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கைவைத்துக் காட்டிய வளைவு எங்கள் பெண்களின் அடுப்படி. அடுப்படியைத் தோண்டிவிட்டு வீட்டைப் பெரிதாக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். இன்று பதில் சொல்லமாட்டோம். ஊர் கூடிப் பேசி, பிறகு சொல்லி அனுப்புவோம்.”

விக்கரி தம் அறிக்கைப் பிரதியில் ‘மிகவும் நல்லது’ என்ற வரியைக் கோடுபோட்டு அடித்தார். அடித்த இடத்தில் தாள் கிழிந்தது.

கிழவர் நிறுத்தினார். முடிந்தது என்று நினைத்தேன்.

“இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார் திருமதி தமானி.

தனியேலா தயங்கினார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாளும் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு முறை என்னைப் பார்த்த பிறகுதான் இங்கிலீஷில் சொன்னார்.

“எங்கள் பேச்சு இந்த வெளியூர்க்காரருக்குப் புரியாது. அதனால் பயமில்லை. நடுவில் எங்கள் சாமி உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பொருளை அவர் குறைத்துப் பேசமாட்டார். அவருக்கு நன்றி. நன்றி. நன்றி.”

மூன்று வினாக்கா. அப்புறம் மூன்று கைதட்டல்.

ஆற்றுக்கு இல்லை, சாலைக்கு இல்லை, விக்கரிக்குக்கூட இல்லை. அறிக்கையில் ஒருமனதான சம்மதம் என்று ஏறியிருந்த அந்தக் கைதட்டல் எனக்கு. அன்றைக்கு அந்தக் கைகள் தட்டி ஓய்ந்ததுமே நான் விக்கரியிடம் வெரி குட் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு உட்கார இடம் பக்கத்திலேயே இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. பின்வரிசையில் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது தெரிந்தது. எபராமாவின் முகத்தில் இப்போது கேலி இல்லை. வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

திருமதி தமானி அன்றைய முடிவைப் படித்தார். நாற்பத்தோராம் பக்கம் நீக்கப்படுகிறது. அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது. ஊர் கூடிப் பேசி முடித்த பிறகு, அவர்கள் மொழி தெரிந்தவரோடு மீண்டும் கூட்டம். அதுவரை வளைவில் எந்திரம் இறங்கக் கூடாது. பிறகு, பேனாவை என் பக்கம் நீட்டினார்; என் வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“மிஸ்டர் தொரசாமி, இதில் சேர்த்துச் சொல்ல வேறு ஏதாவது இருக்கிறதா?”

முப்பத்தொரு வருடம் வாயை வைத்தே பிழைத்தவன் நான். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். நாம் ஆட்டுவோமே, அந்த மாதிரி.

அவர் பேனாவைத் திரும்ப இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இருக்கிறது என்றா, இல்லை என்றா?” என்றார். “பதிவுக்கு வேண்டும். வாயால் சொல்லுங்கள்.”

“இல்லை” என்றேன்.